மூன்று முழக் கயிறு

வெகு காலத்துக்கு முன்பு கொன்றைநாட்டை அழகுமல்லன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். மனதால் நல்லவன். ஆனால் கோபம் வந்துவிட்டால் காலையில் ஒரு சட்டம் போடுவான், மாலையில் ஒரு சட்டம் போடுவான்.

ஒரு நாள் புதுப்பட்டு உடுத்தி வீதியுலா போனான். குளத்திலிருந்து கரையேறிய நாய் ஒன்று அவன் அருகில் நின்று உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. அரசன் மீசையிலிருந்து சேறு சொட்டியது. பார்த்தவர்கள் அப்படியே உறைந்துபோனார்கள்.

"இனி இந்த நாட்டில் ஒரு நாயும் அவிழ்ந்து திரியக்கூடாது!" என்று சபையில் கர்ஜித்தான் அரசன். "வீட்டுக்கு வெளியே தறிக்கம்பு நட்டு இரவும் பகலும் கட்டிவைக்க வேண்டும். அவிழ்த்துவிட்டால் நாயைக் கொன்றுவிடுங்கள்!"

அமைச்சர் கூத்தபிரான் எழுந்தார். "மன்னா, இது கோடைக்காலம்..."

அவர் முடிப்பதற்குள் அரண்மனை அதிகாரி சிகாமணி குறுக்கே புகுந்தார். அமைச்சரின் நாற்காலிமேல் நெடுநாளாக அவருக்குக் கண். "பார்த்தீர்களா மன்னா, அமைச்சருக்கு உங்கள் பட்டைவிட நாய் உசத்தியாம்! சட்டத்தை என்னிடம் விடுங்கள். கயிறு மூன்று முழம். படுக்க, எழுந்திருக்க, திரும்ப அது தாராளம்."

சட்டம் நடப்புக்கு வந்தது. சில நாளில் காவலர்கள் ஒரு பெண்ணையும் கறுப்பு நாய் ஒன்றையும் அரண்மனை முற்றத்துக்கு இழுத்துவந்தார்கள். அவள் மோர் விற்கும் வெள்ளச்சி. நாயின் பெயர் கரியன்.

"ஏன் அவிழ்த்தாய்?" என்றான் அரசன்.

"மத்தியானம் வீட்டுக்குப் போனேன் ராசா. கயிறு தறியில சுத்திக்கிட்டு, நாக்கு வெளிய தள்ளிக் கெடந்துச்சு. மனசு கேக்கல, அவுத்துட்டேன். எனக்கு வேற யாரு இருக்கா?"

"நாளை மாலை நாய் சாகும்," என்றார் சிகாமணி. வெள்ளச்சி கரியனைக் கட்டிக்கொண்டாள்.

அமைச்சர் மெதுவாகச் சொன்னார்: "மன்னா, நம் நாட்டில் புதிதாக ஓர் அளவைக் குறித்தவர் அந்த அளவில் ஒரு பகல் தாமே இருந்து காட்டுவது வழக்கம். படைவீரர் சோற்றைக் குறைத்த அதிகாரியை அதே சோற்றைத் தின்னவைத்தாரே உங்கள் பாட்டனார், அன்றுமுதல் வந்த வழக்கம். மூன்று முழத்தில் இன்னும் யாரும் இருந்து காட்டவில்லை."

கூடியிருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். சிகாமணியோ சிரித்தார். "இவ்வளவுதானா? ஒரு பகல் சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வலிக்குமா?"

மறுநாள் காலை முற்றத்துத் தறியில் மூன்று முழக் கயிற்றால் சிகாமணியின் இடுப்பைக் கட்டினார்கள். பக்கத்தில் ஒரு சட்டித் தண்ணீர். "அமைச்சரே, வெற்றிலை கொடுத்தனுப்பும்!" என்று கேலி செய்தார் அவர்.

வெயில் ஏறியது. தறியின் நிழல் நகர்ந்தது, சிகாமணியும் நகர்ந்தார். நிழல் சுருங்கியது, அதைத் தேடித் தறியைச் சுற்றினார். கயிறு தட்டிச் சட்டி கவிழ்ந்தது. பதறி இன்னும் சுற்றினார்.

உச்சிவேளையில் அரசன் வந்து பார்த்தான். பார்த்தவன் அதிர்ந்துபோனான். தலைப்பாகை மண்ணில் கிடக்கிறது. சிகாமணி கன்னத்தைத் தறியில் ஒட்டிக்கொண்டு நாக்கால் உதட்டைத் தடவுகிறார்.

"மூன்று முழம் கொடுத்தோமே, கயிறு எங்கே?"

"எல்லாம் தறியில்தான் இருக்கிறது மன்னா," என்றார் அமைச்சர். "அவருக்கு மிச்சம் ஒரு சாண்."

"சுற்றைப் பிரித்துக்கொள்ளத் தெரியவில்லையா?"

"எந்தப் பக்கம் சுற்றுவது என்றே... தலை சுற்றுகிறது மன்னா," என்று முனகினார் சிகாமணி.

அப்போதுதான் யாரும் எதிர்பாராதது நடந்தது. காவலர் பிடியில் நின்ற வெள்ளச்சி, கரியனுக்காக வைத்திருந்த தண்ணீர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு நேரே தறியருகே போனாள். அதிகாரியின் தோளைத் தொட்டாள்.

"இந்தப் பக்கமா வாங்க சாமி. இன்னொரு சுத்து. வா, வா... நல்ல புள்ளையில்ல!"

பழக்கதோஷத்தில் வாய் தவறிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். சிகாமணியோ அது காதில் விழாதவர்போல, அவள் காட்டிய பக்கம் சுற்றி வந்து சட்டியை வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

"சிகாமணியாரே," என்றான் அரசன். "சட்டப்படி கட்டியிருந்த ஓர் உயிரை இவள் தளர்த்திவிட்டாள். நேற்றும் இதையேதான் செய்தாள். தண்டனையை நீரே சொல்லும்."

சிகாமணி வெள்ளச்சியைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். "குற்றமே இல்லை மன்னா," என்றார். "இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருக்குமா?"

அரசன் தலைகுனிந்தான். வெயிலில் எந்த நாயையும் கட்டக்கூடாது; கட்டுகிற கொஞ்ச நேரத்துக்கும் நிழலும் தண்ணீரும் எட்டவேண்டும் என்று சட்டத்தை அங்கேயே மாற்றினான். அமைச்சருக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். கரியனை அவிழ்க்கும் வேலையைச் சிகாமணிக்கே கொடுத்தான். அவர் முடிச்சை அவிழ்த்தார். கரியன் ஒரே பாய்ச்சலில் வெள்ளச்சியிடம் ஓடியது.

அன்றுமுதல் உச்சிவெயிலில் குடத்தோடு தெருத்தெருவாகப் போய் நாய்களுக்கு நிழலும் தண்ணீரும் இருக்கிறதா என்று பார்ப்பதே சிகாமணியின் உத்தியோகம். அவரைக் கண்டு கொன்றைநாட்டில் ஒரு நாயும் குரைத்ததில்லையாம்.