ஒரு ‘ச்’ அதிகம்

முப்பத்தொரு வருடம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஆவுடையப்பன், தன்னைவிட இருபத்தாறு வயது இளைய ஜெசிந்தாவிடம் மாணவராகச் சேர்ந்தார். ‘ஏணி’யை உருவாக்கியவர் ஜெசிந்தா. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் கணினி மொழி அது.

ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்ல ஏணியில் ஒரு சொல் உண்டு. முதல் பதிப்பிலேயே அதை ‘சுழற்ச்சி’ என்று எழுதிவிட்டார் ஜெசிந்தா. ஒரு ‘ச்’ அதிகம். பத்து வருடமாக எல்லாரும் அப்படியே எழுதுகிறார்கள்.

அன்று புதிய பதிப்பின் விதிகளை முடிவு செய்து, வந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போடும் கூட்டம். ஆவுடையப்பன் எழுந்து நின்றார்.

“டீச்சர், அந்தச் சொல்லை இன்னைக்கே வெட்டுங்க. இனிமே ‘சுழற்சி’ன்னு எழுதினாத்தான் ஓடணும்.”

“சரியான சொல்லைச் சேர்த்தாச்சு ஐயா. பழசும் இருக்கும்.”

“பழசு இருக்கக் கூடாது! எங்க தெருவுல ஒரு பொண்ணு பரீட்சையில ‘சுழற்ச்சி’ன்னு எழுதிட்டு வந்து, ‘கம்ப்யூட்டரே ஏத்துக்குது, உங்களுக்கு என்ன சார்?’னு என்னையே கேக்குது.”

அறையில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“மேலக்கரிசல்ல தண்ணித் தொட்டிக்கு மோட்டார் போடறது அந்த ஊர் வேலம்மாள் ஏணியில எழுதின நிரல்,” என்றார் ஜெசிந்தா. “அதுல இந்தச் சொல் ஏழு இடத்துல இருக்கு. வெட்டினா, புதுப் பதிப்பு ஏறின அன்னைக்கு ஊருக்குத் தண்ணி வராது.”

“நானே பஸ் ஏறிப் போய் ஏழையும் திருத்திட்டு வரேன்.”

“போங்க. அப்புறம்?”

“அடுத்த ஊர்.”

“எந்த ஊர்?”

“அதை நீங்கதான் சொல்லணும்.”

“எனக்குத் தெரிஞ்சது நாலு ஊர். மத்தவங்க யாரு, எங்க இருக்காங்கன்னே தெரியாது.”

ஆவுடையப்பன் விடவில்லை. “ஏணியைத் திறக்கிறவன் எல்லாம் உங்க தப்பைப் பார்த்துச் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும்.”

“எனக்குப் பொறுக்கலை. இந்த விதிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

ஜெசிந்தா கணினியில் ஏதோ தட்டினார். திரையை ஆவுடையப்பன் பக்கம் திருப்பினார்.

“பழைய சொல்லை யார் எழுதினாலும் இனிமே இந்த வரி வரும் ஐயா. படிங்க.”

*சரியான சொல்: சுழற்சி. நீங்கள் எழுதியதில் உள்ள எழுத்து பிழை ஜெசிந்தா செய்தது. உங்கள் நிரல் ஓடும்.*

ஆவுடையப்பன் இரண்டு முறை படித்தார். முகத்திலிருந்த கடுகடுப்பு கொஞ்சம் இறங்கியது. சட்டென்று மறுபடியும் ஏறியது.

“எழுத்துப் பிழை! நடுவுல ‘ப்’ எங்க, டீச்சர்? மறுபடியுமா?”

கூட்டம் மொத்தமும் சிரித்தது. ஜெசிந்தாவும் சிரித்துவிட்டார். விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினார்.

“திருத்துங்க ஐயா. இது இன்னும் யார் கைக்கும் போகலை.”