அடுத்த ஆள் வரலாம்!

முள்மலைக் காட்டில் தும்பை என்றொரு சருகுமான் வேலை இல்லாமல் அலைந்துகொண்டிருந்தது.

சருகுமானைப் பார்த்திருக்கிறீர்களா? முயலைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். கொம்பு கிடையாது. ஒரு இலை விழுந்தால்கூட நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட பிராணி வேலை கேட்டு நாலு பேர் முன்னால் போய் நிற்பதென்றால் எவ்வளவு கஷ்டம்!

ஆனால் நின்றே ஆக வேண்டியிருந்தது. அந்த வருஷம் மழை இல்லை. ஓடைகளெல்லாம் வற்றிப்போய், மலையடிவாரத்துச் சுனை ஒன்றில்தான் தண்ணீர் மிச்சம் இருந்தது. சுனையைக் காத்துவந்த யானைத் தலைவி ஒரு சட்டம் போட்டுவிட்டது.

“காட்டில் ஏதாவது ஒரு வேலை பார்க்கிறவருக்கும் அவர் குடும்பத்துக்கும்தான் இனி தண்ணீர். மற்றவர்கள் அமாவாசைக்குள் மலையைத் தாண்டிப் போய்விட வேண்டும்!”

தும்பையின் அம்மாவுக்குப் பின்னங்கால் ஒடிந்திருந்தது. மலையைத் தாண்டுவது இருக்கட்டும், படுத்திருக்கும் புதரைத் தாண்டவே முடியாது. தும்பைக்கு வேலை கிடைக்காவிட்டால் அம்மா தாகத்திலேயே செத்துப்போகும். அமாவாசைக்கு ஆறே நாள்தான் இருந்தது.

தும்பை முதலில் காட்டெருமையிடம் போனது. காட்டெருமை பாதை போடும் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தது.

“எங்கே நிக்கிறே? ஒன்னும் தெரியலையே!” என்றது காட்டெருமை.

“இங்கேதாங்க நிக்கிறேன், உங்க காலுக்குக் கீழே!”

காட்டெருமை குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தது. “சரி, சொல்லி அனுப்புறோம்!”

அடுத்து மந்தி. புலி வந்தால் குரல் கொடுக்க ஆள் வேண்டுமாம். “மரம் ஏறுவியா?” என்று கேட்டது. “ஏறத் தெரியாதுங்க. ஆனா சத்தத்தை நல்லாக் கேப்பேன்” என்றது தும்பை. மந்தி தன் முதுகைச் சொறிந்துகொண்டே, “சொல்லி அனுப்புறோம்!” என்றது.

சருகுக்குள் பாம்பு ஊர்கிறதா என்று கவனிக்கிற வேலை மயிலிடம் இருந்தது. அது தும்பைக்கென்றே செய்த வேலை. பிறந்ததிலிருந்து சருகுச் சத்தத்தைக் கேட்டுத்தானே அது உயிர் பிழைத்து வருகிறது!

“முன் அனுபவம் இருக்கா?” என்று மயில் கேட்டது.

“வேலை குடுத்தாத்தானே ஐயா அனுபவம் வரும்?”

“வாயாடாதே! சொல்லி அனுப்புறோம்.”

மறுநாள் அந்த வேலை மயிலின் அக்காள் மகனுக்குப் போய்விட்டது. அதற்கு என்ன அனுபவம் இருந்தது என்று கேட்காதீர்கள். தோகை விரிக்கத் தெரியும், வேறென்ன!

இப்படியே நாலு நாள் ஓடிவிட்டது. ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. வீட்டுக்குப் போனால் அம்மா ஒன்றும் கேட்காது. அந்தக் கேட்காத முகத்தைப் பார்க்கத்தான் தும்பையால் முடியவில்லை. வறண்ட ஓடையின் மணலில் நின்று விம்மி விம்மி அழுதது.

அப்போது கமகமவென்று ஒரு வாசனை வந்தது. கூடவே ஒரு புனுகுப் பூனையும் வந்தது. அதன் பெயர் சவ்வாது. நல்ல கொழுகொழு உடம்பு. பஞ்சத்தில் அடிபட்ட காட்டில் அது மட்டும் எப்படிக் கொழுத்தது என்று தும்பைக்கு அப்போது தோன்றவில்லை. அழுகிற கண்ணுக்கு எது தெரியும்?

“வேலை தேடுறியாமே?” என்றது சவ்வாது.

“யாரு சொன்னாங்க?”

“உன் முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கே! எங்க முதலாளிக்குக் குகையில ஒரு காவல் ஆள் வேணும். அனுபவம் வேண்டாம். உயரம் வேண்டாம். நாளைக்குக் காலையில வந்துடு. தனியா வா. யாருகிட்டயும் மூச்சு விடாதே, போட்டி ஜாஸ்தி!”

தும்பைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் தனியாக வரச் சொன்னதில் ஏதோ ஒரு உறுத்தல் இருந்தது. அதைத் தண்ணீரை நினைத்து அடக்கிக்கொண்டது.

மறுநாள் காலையில் குகை வாசலுக்கு வந்தால், அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒன்று காட்டுக்கோழி. இன்னொன்று முயல். காட்டுக்கோழி அலகால் இறகைக் கோதிக் கோதித் தன்னை அழகுபடுத்திக்கொண்டிருந்தது. முயல் கண்ணை மூடிக்கொண்டு, “வணக்கம் ஐயா, நான் ரொம்பச் சுறுசுறுப்பு ஐயா” என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தது.

குகை வாசலெங்கும் சவ்வாதின் வாசனை. மூக்கை அடைக்கிற அளவுக்கு வாசனை.

“முதல் ஆள் வரலாம்!” என்று சவ்வாது கூப்பிட்டது.

காட்டுக்கோழி உள்ளே போனது. “வணக்கம் ஐயா!” என்று அது சொன்னது வெளியே கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. சிறகு ஒருமுறை படபடத்த மாதிரி இருந்தது. ரொம்ப நேரம் கழித்துச் சவ்வாது வாசலுக்கு வந்தது.

“அது எங்கே?” என்று கேட்டது தும்பை.

“வேலை கெடைச்சிருச்சு! பின்பக்க வழியா அனுப்பிட்டோம்!” என்ற சவ்வாது, தும்பையின் முகத்தைப் பார்க்காமல் கூப்பிட்டது. “அடுத்த ஆள் வரலாம்!”

முயலின் மனப்பாடம் இன்னும் முடியவில்லை; “நீங்க முதல்ல போங்க” என்றது, தும்பை உள்ளே போனது. குகைக்குள் கும்மிருட்டு. தரை ஜில்லென்று இருந்தது. ஏதோ ஒரு பெரிய பாறை சுருண்டு கிடப்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதற்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மெதுவான, மரியாதையான குரல்.

“வாம்மா. பயப்படாதே. எத்தனை பேர் கூட வந்திருக்காங்க?”

“தனியாத்தாங்க வந்தேன்.”

“நல்லது. யாருகிட்டயாவது சொல்லிட்டு வந்தியா?”

“இல்லீங்க ஐயா, யாருக்கும் தெரியாது!”

“ரொம்ப நல்லது. உடம்புல நோய் நொடி?”

“ஒன்னும் இல்லீங்க!”

“வீட்டுல யாரெல்லாம்?”

“அம்மா மட்டும்தாங்க. காலு ஒடிஞ்சு நாவல் மரத்தடிப் புதருல படுத்திருக்காங்க.”

தும்பைக்கே ஆச்சரியம். இவ்வளவு சுலபமான நேர்காணலை அது பார்த்ததே இல்லை. ஒரு கேள்விக்குக்கூடத் திணறவில்லை! உயரத்தைப் பற்றிச் சிரிக்கவில்லை, அனுபவம் கேட்கவில்லை. வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

“பக்கத்துல வாம்மா. சீருடைக்கு அளவெடுக்கணும்” என்றது குரல்.

தும்பை ஒரு அடி எடுத்து வைத்தது. காலில் ஏதோ மெத்தென்று ஒட்டியது. குனிந்து பார்த்தது. காட்டுக்கோழியின் இறகு! சற்று முன் அலகால் கோதிவிட்ட அதே பளபளப்பு. அந்த நேரம் பார்த்துப் பாறை மெதுவாக மூச்சு விட்டது. புனுகு வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை எழுந்தது. அது ரத்த வாடை.

பாறை இல்லை அது. மலைப்பாம்பு!

தும்பைக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓட நினைத்தது. கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. நின்ற இடத்திலேயே நாலு குளம்பும் டகடகவென்று தரையில் தாளம் போட்டன.

“ஏன் நடுங்குறே?” என்று பாம்பு கேட்டது.

“வே... வேலை கெடைச்ச சந்தோஷங்க ஐயா!” என்று எப்படியோ சொல்லிவிட்டது தும்பை. பேசிக்கொண்டிருக்கும்வரை உயிர் இருக்கும் என்று அதற்குப் பட்டது. “ஐயா, நான் ஒரு கேள்வி கேக்கலாங்களா?”

“கேளு.”

“இதுக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவங்க எல்லாம் எங்கே?”

வாசலில் சவ்வாது அசையாமல் நின்றது.

“உள்ளேதான் இருக்காங்க” என்றது பாம்பு.

அப்புறம் அது மெல்லச் சிரித்தது. “கெட்டிக்காரிதான் நீ! உள்ளே வந்து கேள்வி கேட்டது இதுவரைக்கும் ஒரே ஆள். வாசல்ல நிக்கிறானே, அவன்தான். அதனாலதான் அவனைத் தின்னாம வேலைக்கு வெச்சேன். எனக்கு வயசாயிடுச்சு, துரத்த முடியலே. ஆள் கொண்டுவர ஆள் வேணும். இப்போ அவன் நல்லாக் கொழுத்துட்டான். அவன் வேலையை நீ எடுத்துக்கிறியா? குகைக் காவல்னு சொல்லிக்கோ, தண்ணீ கெடைக்கும். உங்க அம்மாவும் பிழைப்பா. வெளியே போய் அந்த முயலை உள்ளே கூப்பிடு. போதும்.”

தும்பை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது.

“ஓடிடலாம்னு மட்டும் நினைக்காதே” என்று அதே மரியாதையான குரலில் சொன்னது பாம்பு. “நாவல் மரத்தடிப் புதர்னு நீதானே சொன்னே!”

அடக் கடவுளே! கேட்டதற்கெல்லாம் சமர்த்தாகப் பதில் சொல்லி, பெற்ற தாயின் விலாசத்தையே கொடுத்துவிட்டதே! தும்பை தன்னையே சபித்துக்கொண்டது. “ஆகட்டுங்க ஐயா” என்றது. திரும்பி நடந்தது. பத்தடிதான். அந்தப் பத்தடியில் அம்மாவின் முகம் வந்தது, சுனைத் தண்ணீர் வந்தது. ஒரு முயல்தானே, நமக்கு என்ன உறவா, ஒட்டா என்ற நினைப்பும் வந்தது. வந்தது என்பதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

வாசலில் சவ்வாதின் முகம் வெளுத்திருந்தது. உள்ளே பேசியதெல்லாம் அதன் காதில் விழுந்திருந்தது.

முயல் துள்ளி எழுந்து காதுகளைத் தடவிவிட்டுக்கொண்டது. “அக்கா! கேள்வியெல்லாம் கஷ்டமா?”

“இல்லே... சுலபம்தான்” என்றது தும்பை.

“உங்களுக்கு வேலை கெடைச்சிருச்சா?”

“கெடைச்சிருச்சு.”

“அப்பாடா! என்ன வேலை அக்கா?”

தும்பை வாயைத் திறந்தது. ‘அடுத்த ஆள் வரலாம்’ என்ற வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்து நின்றன. முயல் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு, ‘என் வேலை இதுதான்’ என்று சொல்லத் தும்பையால் முடியவில்லை.

“ஓடு!” என்று அலறியது. “உள்ளே மலைப்பாம்பு! யானைகிட்ட ஓடு!”

முயல் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. தும்பையும் பாய்ந்தது. பின்னால் குகைக்குள்ளிருந்து சரசரவென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

சவ்வாதும் ஓடத்தான் ஆரம்பித்தது. ஓடியிருந்தால் பிழைத்திருக்கும். ஆனால் நாலடி போனதும் நின்றது. வேலை போய்விடுமே என்ற பயம், உயிர் போய்விடுமே என்ற பயத்தை முந்திக்கொண்டது.

“ஐயா! அவ துரோகி ஐயா! நான்தான் உங்க விசுவாசமான ஆள்! நாளைக்கே ரெண்டு பேரைக் கொண்டாரேன்!” என்று கெஞ்சியது.

“அப்படியா? உள்ளே வந்து பேசு” என்றது பாம்பு.

எத்தனையோ பேரைச் சவ்வாது அந்த வாசலுக்குள் அனுப்பியிருக்கிறது. அன்றைக்கு வாலை மடக்கிக்கொண்டு தானே உள்ளே போனது. அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் யானைகள் வந்தன; காட்டெருமையும் மந்தியும் கூடவே வந்தன. யானைகள் பெரிய பாறை ஒன்றை உருட்டிக் குகை வாசலை அடைத்தன. பின்பக்க வழி என்று ஒன்று அந்தக் குகைக்குக் கிடையவே கிடையாது.

“இதுக்கு முன்னாடி எத்தனை பேர் உள்ளே போயிருக்காங்க?” என்று யானைத் தலைவி கேட்டது.

யாருக்கும் தெரியவில்லை. காட்டெருமை கீழே பார்த்தது. மந்தி எங்கேயோ பார்த்தது. போனதெல்லாம் வேலை இல்லாத ஜீவன்கள். ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்று சொன்னவர்கள் யாரும் அவை எங்கே போயின என்று தேடவில்லை. மலையைத் தாண்டிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

யானைத் தலைவி வாசலை அடைத்த பாறையைத் துதிக்கையால் தொட்டுப் பார்த்தது. பிறகு, “மழை வரும்வரைக்கும் எல்லாரும் குடிக்கட்டும். என் சட்டம்தான் அதுங்களை இங்கே தள்ளிவிட்டிருக்கு” என்றது.

அன்று யானை ஒன்று அம்மாவைப் பதமாகத் தூக்கிவந்து சுனை ஓரத்தில் இறக்கிவிட்டது. அம்மா வயிறு முட்டக் குடித்தது. தும்பைக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. குகை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது.

“அதுதான் பாம்பை அடைச்சாச்சே! இன்னும் என்ன பயம்?” என்று கேட்டது அம்மா.

“பாம்பை நினைச்சுப் பயப்படலேம்மா” என்றது தும்பை. “அந்த முயலைக் கூப்பிட நான் வாயைத் திறந்துட்டேன். அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு.”

பிறரைப் பலி கொடுத்துக் காப்பாற்றிக்கொள்ளும் வேலை, நம்முடைய முறை வரும்வரைக்கும்தான் நிலைக்கும்.