பொற்கொடியோட ஏழு பேனா

ஒரு ஊர்ல ஒரு பரீட்சை ஹால். அன்னைக்கு அங்க யார் யார் இருந்தாங்கன்னா, பத்தாங்கிளாஸ் பிள்ளைங்க இருபது, கண்காணிக்க ஒரு சார், தண்ணி குடுக்க ராக்கம்மா, ஜன்னல்ல ஒரு அணில். ஆக இருபத்துமூணு. அணிலையும் எண்ணிக்கோ, அதுவும் சரியான நேரத்துக்கு வந்துடுச்சு. ம் சொல்லு.

அந்த இருபதுல ஒருத்தி பொற்கொடி. கணக்குன்னா அவளுக்கு ஆகவே ஆகாது. அரையாண்டுல முப்பத்தொண்ணு. இன்னும் நாலு வாங்கியிருந்தா பாஸ். இது பெரிய பரீட்சை, இதுலயும் போச்சுன்னா கூட்டாளிங்க எல்லாம் பதினொண்ணாங்கிளாஸ் போவாங்க, இவ மட்டும் வீட்டுல.

அதனால சொந்தபந்தம், அக்கம்பக்கம்னு ஆளுக்கு ஒரு பேனா அவளுக்குக் குடுத்தாங்க. அத்தை பிள்ளையார் காலடியில வச்சு எடுத்தது. மாமா பழநியில வாங்கினது. சித்தி, பெரியப்பா, அப்பா குடுத்தது மூணு. எதிர்வீட்டு மெஹருன்னிசா அக்கா தர்காவுல ஓதி வாங்கினது. ஆக ஆறு. "என் பேனாவுலதான் எழுதணும், ஆமா"ன்னாங்க ஒவ்வொருத்தரும். இவளும் ஆறு பேர்கிட்டயும் சரின்னுட்டா. வீட்டுப்பாடம் எழுதுற பேனா, மூடியெல்லாம் கடிச்சது, அது ஏழாவது.

டாண்னு மணி அடிச்சுது. முதல் கணக்கு அத்தை பேனா. டக்னு மூடினா. அப்புறம் மாமா பேனா. டக். அப்புறம் சித்தி பேனா. யார் மனசும் நோகக் கூடாதில்ல? பாதிக் கணக்குல, அடுத்து யார் முறைன்னு யோசிச்சா, போட்டுக்கிட்டிருந்த கணக்கே மறந்துபோகும். அப்போ கடியாரத்தைப் பார்த்தா ஒரு மணி நேரம் போயிடுச்சு. ஆனது நாலே கணக்கு. ம்?

அப்போ முன்பெஞ்சு இசக்கிராஜ் பேனா விழுந்துச்சு. டொக். முனை போச்சு. "யார்கிட்டயாவது பேனா இருக்கா?"ன்னார் சார். எல்லாரும் அவங்கவங்க பேனாவை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. பொற்கொடி அத்தை முகத்தை நெனச்சா. அப்புறம் அத்தை பேனாவையே நீட்டினா. முறையில ஒரு ஆள் குறைஞ்சாச்சு.

அப்புறம் பின்னாடி ஒரு பேனா குபுக்னு மை கக்கிச்சு. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு கீச்கீச்சுன்னு வறண்டுபோச்சு. மாமா பேனாவும் சித்தி பேனாவும் அந்த ரெண்டு பேர் கைக்குப் போச்சு.

"நீ என்னம்மா, பேனாக்கடையா?"ன்னார் சார்.

எல்லாரும் கிக்கிக்கின்னாங்க. பொற்கொடியும் சிரிச்சா. சிரிச்ச சிரிப்புல, எங்கயோ ஓடிப்போயிருந்த சூத்திரம் ஒண்ணு திரும்பி வந்துச்சு.

அப்புறம் சாரே வந்தார். கையெழுத்துப் போட அவர் பேனாவுல மை இல்ல.

"மூணையும் எடுத்துக்கங்க சார்."

"ஒண்ணு போதுமேம்மா."

"மூணும் கனக்குது சார்."

சார் அவளை ஒரு பார்வை பார்த்தார். ஒண்ணைத் தான் வச்சுக்கிட்டு, பேனா தடுமாறின ரெண்டு பேருக்கு மத்த ரெண்டையும் குடுத்துட்டார்.

அப்புறம் பாரு, கடிச்ச பேனா சரசரசரன்னு ஓடுச்சு. யார் முறைன்னு கேக்க ஆளே இல்லையே. கடைசிக் கணக்குக்குக் கோடு இழுத்தா, டாண்.

வாசல்ல ஆறு பேரும் நின்னாங்க. "என் பேனாவுலதானே எழுதினே?"

"உள்ள ஆறு பேனாவும் விடாம எழுதிச்சு"ன்னா பொற்கொடி. ஆறு முகமும் மலர்ந்துச்சு. அவ சொன்னதுல ஒரு வார்த்தை பொய்யில்ல.

ரிசல்ட்டுல அவளுக்கு அறுபத்திரண்டு. ஹால்ல பேனா வாங்கினவங்க அதைத் திருப்பிக் குடுக்க வந்தாங்க. நீங்களே வச்சுக்கங்கன்னுட்டா.

கதை கட்டில் ஏறிப் படுத்துடுச்சு, நீயும் கண்ணை மூடு. ஏழுல ஆறு போக, பேனா மீதி ஒண்ணு.