உப்பு போன வழி

அம்மா சொன்ன உப்புக் கதையை ஏகாம்பரம் பல வருடங்களாக நம்பவில்லை. நம்பாததை வெளியே சொன்னதும் இல்லை.

மடத்துக்கு வருவதற்கு முன் அவர் லாரி ஓட்டியவர். ஓரிடத்தில் மூட்டை ஏற்றினால் இன்னோரிடத்தில் அதே மூட்டை இறங்க வேண்டும். குறைந்தால் வழியில் யாரோ எடுத்திருக்கிறார்கள். உலகத்தைப் பற்றி அவருக்கு உறுதியாகத் தெரிந்தது அவ்வளவுதான்.

மடம் ஆற்றங்கரையில் இருந்தது. கோடையில் ஆற்றில் தண்ணீர் ஓடாது. மணலுக்கு அடியில் ஓடும். மணலைத் தோண்டி ஊற்று எடுத்துக் குடிப்பார்கள். மடத்து ஊற்றும் சமையலும் ஏகாம்பரத்தின் பொறுப்பு. ஒரு கோடையில், செங்கல் சூளை வேலைக்கு வந்த சில குடும்பங்கள் மடத்து ஊற்றுக்கு மேலே, ஆறு வரும் பக்கத்தில், தங்களுக்கு ஓர் ஊற்று தோண்டின.

அன்றே அவர் அம்மாவிடம் போனார். மடத்தின் தலைவி உலகம்மையைத்தான் எல்லாரும் அம்மா என்றார்கள். ஏகாம்பரத்தைவிட வயதில் சின்னவர்.

"ஊத்து ஓரத்துலயே துணி துவைக்கிறாங்கம்மா. குழந்தைங்களக் குளிப்பாட்டுறாங்க. அத்தனையும் நமக்குத்தான் வரும். அவங்களக் கீழே போகச் சொல்லணும்."

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எங்க குருகிட்டயும் ஒரு சீடர் இதையே கேட்டார். குரு மேல் ஊத்துல ஒரு மூட்டை உப்பக் கொட்டினார். சீடரைக் கீழ் ஊத்துல உக்காத்தி வச்சு, ருசி பாத்துக்கிட்டே இருன்னார்."

"எப்போ வந்துச்சு?"

"வந்துடுச்சுன்னு நாக்குக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே வந்துக்கிட்டு இருந்திருக்கு."

"மொத்த மூட்டையுமா?"

"கொஞ்சம் முந்தி வந்துச்சு, கொஞ்சம் பிந்தி வந்துச்சு. பக்கத்து ஊத்துக்கும் போச்சு. அதுக்குக் கீழேயும் போச்சு. எங்கேயும் கரிக்கல. எங்கேயும் இல்லாமலும் இல்ல."

"எப்போ நின்னுச்சு?"

"நின்னதா யாரும் சொல்லல."

"அப்போ வரத்தானேம்மா செய்யுது. அவங்கள அனுப்பிடலாமே?"

"அந்தச் சீடரும் அதத்தான் கேட்டார்."

"குரு என்ன சொன்னார்?"

"சோறு ஆறுது, வந்து சாப்பிடுன்னார்."

ஒவ்வொரு கோடைக்கும் சூளைக்காரர்கள் வந்தார்கள். ஏகாம்பரமும் போய்க் கேட்டார். அம்மாவும் அதே கதையைச் சொல்லி, அதே ஆறுகிற சோற்றையே போட்டார். ஒரு மூட்டை உப்பு எப்படி மணலுக்குள் காணாமல் போகும் என்று அவர் இராப்பகலாக யோசித்தார். கதையே பொய்யாக இருக்கலாம். பொய் என்று தெரிந்துவிட்டால் அம்மா அதைச் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது, அவர்களை அனுப்பத் தடையில்லை.

இந்தக் கோடையில் அம்மா அவரை முந்திக்கொண்டார்.

"இனி என்கிட்ட கேக்க வேணாம், ஏகாம்பரம். நீங்களே முடிவு பண்ணுங்க."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே மேல் ஊற்றுக்குப் போனார். சூளையில் செங்கல் அறுக்கும் செல்லக்கிளி அகப்பையால் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"வாங்கய்யா. வருசா வருசம் எட்டிப் பாத்துட்டுப் போவீங்க. இன்னைக்கு மண்வெட்டியோட வந்திருக்கீங்க."

"நாளைக்குள்ள இத மூடிடுங்க. இல்லன்னா நானே வந்து மூடுவேன்."

"மூடிட்டு எங்கங்கய்யா போறது?"

"எங்க ஊத்துக்குக் கீழே தோண்டிக்குங்க."

செல்லக்கிளி குடத்தை இடுப்பில் வைத்தாள். "பிள்ளைங்க குடிக்கணும். அங்க தண்ணி நல்லாருக்குமாங்கய்யா?"

"ஏன், நல்லாத்தான் இருக்கும்."

திரும்பி வந்து மிச்ச வேலையைப் பார்த்தார். மாவடு தீர்ந்த பெரிய ஜாடியைக் கழுவ வேண்டியிருந்தது. அடியில் நின்ற உப்புத் தண்ணீரை, எப்போதும் போல மடத்து ஊற்றுக்குக் கொஞ்சம் கீழே கொட்டினார். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் சோப்பு நுரையையும் அங்கேதான் கொட்டுவார். மணல் ஒரே மடக்கில் குடித்துவிடும். இன்றும் குடித்தது.

ஏகாம்பரம் ஈர மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜாடியைக் கவிழ்த்து வைக்கவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே அம்மாவிடம் போனார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

அந்த உப்புக் கதை நிஜம்தானா என்று கேட்க வேண்டும் என்பதுதான் அவர் இத்தனை வருடமும் மனசுக்குள் வைத்திருந்தது. வாயில் வந்தது வேறு.

"அம்மா, நமக்குக் கீழே யாரோட ஊத்து இருக்கு?"