மசாதா மைனாவின் தணல் சிறகு

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் ஒரே பேச்சுதான். சாக்கடலோரப் பாலைவனத்தில், மசாதா என்ற மலைக்கோட்டையில் ஒரு மைனா இருந்தது. அலகு முதல் வால் வரை கன்னங்கரேலென்று இருக்கும்.

எருசலேம் எரிந்துபோன பிறகு, ரோமருக்கு அடங்க மறுத்த யூதக் குடும்பங்கள் கடைசியாக ஏறி வந்த இடம் அந்தக் கோட்டை. அவர்களில் தீர்சா என்பவள் தன் இரண்டு பெண்பிள்ளைகளோடு மதிலை ஒட்டிக் குடியிருந்தாள். காலையில் பேரீச்சம்பழத்தைப் பிய்த்து மைனாவுக்கு ஊட்டுவாள். அது அவள் தோளில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும். அந்த மொட்டை மலையில் அதற்கு வேறு யார் இருந்தார்கள்?

ரோமப் படை வந்து மலையைச் சுற்றி வளைத்தது. மேற்கே மண்ணைக் கொட்டி, மதில் வரைக்கும் ஒரு சரிவுப்பாதை எழுப்ப ஆரம்பித்தார்கள். மண் சுமந்தவர்கள் பிடிபட்ட யூதர்கள். அதனால் மேலே இருந்தவர்களுக்குக் கல்லை உருட்டிவிடக் கை வரவில்லை.

"என் அண்ணன் அசரியா அந்தக் கூட்டத்தில் இருக்கிறானோ என்னவோ. போய்ப் பார்த்துவிட்டு வா, கண்ணு" என்றாள் தீர்சா.

அசரியா இருந்தான். தலையில் இருந்த கூடையை இறக்காமலே மைனாவிடம் பேசினான். "கிழக்கே இருக்கிற ஒற்றையடிப் பாதையில் மூன்று நாளைக்குக் காவல் இல்லை. அந்த ஆட்களையும் இங்கே வேலைக்கு இழுத்துவிட்டார்கள். பிள்ளைகளோடு இறங்கிவிடச் சொல். மற்றவர்களையும் கூட்டிக்கொள்ளட்டும்."

மைனா மெதுவாகத்தான் திரும்பியது. இவர்கள் போய்விட்டால் நான் யாரோடு பேசுவேன் என்று நினைத்துக்கொண்டே வந்தது.

"பார்த்தாயா?" என்று தீர்சா ஓடி வந்தாள்.

"அங்கே இல்லை, அக்கா."

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தது. மறுநாளும் அப்படியே நினைத்தது.

நான்காம் நாள் கிழக்கே காவல் திரும்பிவிட்டது. மேற்கே மதில் இடிந்தது. அவசரமாக எழுப்பிய மரத்தடுப்பிலும் ரோமர் தீ வைத்தார்கள். மாலையில் காற்று கோட்டைப் பக்கம் திரும்பியது. மதிலுக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்த மைனா அந்தத் தீக்குள் புகுந்து, சிறகு கருக, தீர்சாவிடம் வந்து விழுந்தது.

"உங்கள் அண்ணன் இருந்தார், அக்கா. நான் பொய் சொன்னேன்." எல்லாவற்றையும் சொல்லி அழுதது.

தீர்சா திட்டவில்லை. கருகிய சிறகைத் தடவிக் கொடுத்தாள். "முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றாள். பிறகு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கோட்டை நடுவே கூடியிருந்தவர்களிடம் போனாள். உயிரோடு அடிமைப்படுவதில்லை என்று அவர்கள் அங்கே முடிவெடுத்திருந்தார்கள்.

விடிந்ததும் ரோமர் கத்திக்கொண்டு ஏறி வந்தார்கள். எதிர்த்து நிற்க ஒருவரும் உயிரோடு இல்லை.

மைனா தீர்சாவைப் பேர் சொல்லிக் கூப்பிடப் பார்த்தது. பேர் வரவில்லை. மனிதர் சீழ்க்கை அடிப்பதுபோல் நீளமாக ஒரு சத்தம்தான் வந்தது.

அன்று போன பேச்சு அந்த மைனா இனத்துக்கு இன்றுவரை திரும்பவில்லை. சிறகை விரித்தால் தீ பட்ட இடம் தணலாகத் தெரியும். மசாதா மலை ஏறி வருகிற யாராக இருந்தாலும் கிட்டே வந்து உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துப் பார்த்து அது சீழ்க்கை அடிப்பதும் அன்று முதல்தான்.