அறுநூற்றுப் பதின்மூன்றில் அரசர் பங்கு

முத்தலைத்துறை ராஜா மகிழ்மாறனுக்கு வேலையில்லாத நாளில் காது அரிக்கும். அந்தக் காதில் ஓதவென்றே பிறந்தவர் நியாய மந்திரி மங்கலநாதர். யூதர் தெருவில் ஜெப ஆலயம் நின்ற கடலோர மனைமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"மகாராஜா... ம்க்கும்..." செருமாமல் அவருக்குப் பேச வராது. "இந்த யூதர்கள் தம் வேதத்தில் அறுநூற்றுப் பதின்மூன்று கட்டளை, அத்தனையும் நிறைவேற்றுவோம் என்று சொல்லித்தான் ஜெப ஆலய மனையை வாங்கினார்கள். ம்க்கும்... நிறைவேற்றுகிறார்களா?"

ராஜா சபையிலிருந்த மெனாகிமைப் பார்த்தார். மிளகுக் கப்பல்காரர்களுக்கு மொழிபெயர்க்க வந்து, வாய்ச் சாமர்த்தியத்தால் சபையிலேயே தங்கிவிட்ட யூதப் பண்டிதர் அவர்.

"கேட்டீரா ஓய்? ஒன்று குறைந்தாலும் மனை போச்சு!"

மெனாகிம் தாடியை நிதானமாகத் தடவினார்.

"அறுநூற்றுப் பதின்மூன்று என்பதில் எங்கள் பண்டிதர்களுக்குள் சண்டையே இல்லை, மகாராஜா. அவை எவை எவை என்பதில்தான் அடிதடி!"

"மழுப்பாதீர்!"

"இல்லை மகாராஜா. செய் என்பது ஒரு பக்கம், செய்யாதே என்பது ஒரு பக்கம். அதற்குள் ஆளுக்கொரு பங்கு. எருசலேம் ஆலயம் இடிந்ததால் பலிக் கட்டளைகள் ஓய்வில் இருக்கின்றன. பிள்ளை பெற்றவள் செய்யவேண்டியதை நான் எப்படிச் செய்வேன்? ஊர் கூடினால்தான் கணக்கு நிறையும். எங்கள் தெருவின் பங்கு முடிந்தது. பாக்கி இரண்டு பேருடையது."

"யார் யார்?"

"ஒருவர் ராஜா. இங்கே எங்களுக்குத் தங்களைவிட்டால் வேறு ராஜா ஏது?"

ராஜா மீசையை முறுக்கினார். "சொல்லும், இப்போதே முடிக்கிறேன்!"

"ராஜா பொன்னைக் குவிக்கக்கூடாது. குதிரைகளைப் பெருக்கக்கூடாது. மனைவியரையும்..."

மீசையில் கை அப்படியே நின்றது. அந்தப்புரத் திரைக்குப் பின்னால் ஏகப்பட்ட வளையல்கள் கலகலத்தன.

"அந்த... இன்னொருவர்?" ராஜா அவசரமாகக் கேட்டார்.

"நியாயம் சொல்பவர். அவர் லஞ்சம் வாங்கக்கூடாது."

சபை மொத்தமும் திரும்பியது. மங்கலநாதர் வெடுக்கென்று எழுந்தார்.

"பிறர் வேதத்தில் நாம் தலையிடலாமா மகாராஜா? மகா பாவம்!"

அவர் செருமாமல் பேசிச் சபை கேட்டது அன்றுதான்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி நீட்டினார். "மனை உங்களுக்கே. இந்தாரும், பொன்னில் கொஞ்சம் குறைத்துவிட்டேன்!"

மெனாகிம் மோதிரத்தை மாட்டிக்கொண்டு பணிவாகக் குனிந்தார். "அப்படியே குதிரையிலும் ஒன்று..."

"ஓட்டிக்கொண்டு போம்!" என்ற ராஜா, திரையை ஒருமுறை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மூன்றாவதை மட்டும் ஞாபகப்படுத்தாதீர், ஓய்!"