கிழ நண்பரும் ஓல்டு சால்வையும்

‘ஓல்டு’ என்கிற இங்கிலீஷ் வார்த்தையை உண்டாக்கின மகாபாவியே! நீ எந்தச் சீமையில் இருந்தாலும் சரி, பூங்குளம் சமஸ்தானத்துத் துபாஷி சடையப்பரின் பிழைப்பில் மண் அள்ளிப் போடப் பார்த்தவன் நீதான்.

சடையப்பர் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவரல்ல. குதிரைச் சந்தையில் வெள்ளைக்காரரோடு பேரம் பேசி, திட்டு வாங்கி, திருப்பித் திட்டக் கற்று, அப்படியே ராஜாவுக்கு இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்லும் துபாஷி ஆனவர். கோபம் மூக்கின் மேல். இங்கிலீஷ் நாக்கின் நுனியில். அதற்கு உள்ளே ஒன்றும் கிடையாது. இது அவருக்கும் தெரியும்.

அன்று கலெக்டர் துரையின் கடிதம் வந்தது. ராஜா மீசைக்கு மை பூசிக்கொண்டு கொலுவில் வீற்றிருந்தார். சடையப்பர் முதல் வரியைக் கணீரென்று தமிழில் சொன்னார்:

"என் அன்புள்ள கிழ நண்பரே!"

சபைக்கு மூச்சு நின்றது. பொக்கிஷக்காரர் தாண்டவராயர் மட்டும் இருமுவதுபோலச் சிரித்தார்.

"எவன் கிழவன்?" ராஜா எழுந்தே விட்டார். "துரை அப்படி எழுதியிருந்தால் அவனோடு இன்றோடு உறவு அறுந்தது. நீர் தப்பாய்ச் சொல்லியிருந்தால் உமக்கு இங்கே வேலை இல்லை. எது ஓய்?"

சரி என்றால் ராஜாவுக்கும் துரைக்கும் உள்ள சிநேகிதம் போகும். தப்பு என்றால் தன் சோறு போகும். ‘அரைகுறை இங்கிலீஷை வைத்து அரண்மனைக்குள் நுழைந்த கழுதையே!’ என்று தன்னையே திட்டிக்கொண்டு சடையப்பர் அடுத்த வரியைப் பார்த்தார். உயிர் வந்தது.

"மகாராஜா, நம் இளவரசருக்கு என்ன வயசு?"

"மூன்று. அதற்கென்ன இப்போது?"

"துரை அவரையும் விசாரிக்கிறார். ‘த்ரீ இயர்ஸ் ஓல்டு’ என்று எழுதியிருக்கிறார். மூன்று வருஷக் கிழம்!"

"பால்பல் விழாத பிள்ளை கிழமா?"

"அவர்கள் பாஷையில் நேற்றுப் பிறந்ததும் ஒரு நாள் கிழம்தான்."

"அப்போது இளசு யார்தான் ஓய்?"

"இன்னும் பிறக்காதவன், மகாராஜா!"

ராஜா மை கலையச் சிரித்தார். சடையப்பர் விடவில்லை. "நெடுநாள் பழகியவரைத்தான் ‘ஓல்டு ஃபிரெண்டு’ என்பார்கள். ஓல்டு என்றாலே மரியாதை!"

"பலே! துபாஷிக்கு ஒரு பட்டுச் சால்வை!"

தாண்டவராயர் உள்ளே ஓடிப்போய், பூச்சி அரித்த ஒன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்.

"மகாராஜாவின் பாட்டனார் போர்த்தியது. ஓல்டு சால்வை, துபாஷியாரே. மரியாதைதானே?"

சடையப்பருக்கு நெற்றி நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தால் சொன்ன விளக்கம் பொய்யாகும். பல்லைக் கடித்துக்கொண்டு போர்த்திக்கொண்டார். ஓட்டை வழியே முழங்கை எட்டிப் பார்த்தது.

கோட்டை வாசலுக்கு வந்ததும் கடல் இருக்கும் திசையைப் பார்த்துக் கத்தினார்:

"ஓல்டை உண்டாக்கினவனே! கப்பலேறி வாடா! இந்தக் கந்தலை எடுத்துக்கொண்டு, புதுசாய் ஒரு சால்வையை வைத்துவிட்டுப் போடா!"